சுழியின் ஆயுள்

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். சுவரை ஒட்டி ஓடும் தண்ணீரில் சுழிகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி அழிகின்றன என்று கணிப்பொறியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. குமாரபாளையத்துக்குத் தெற்கே, காவிரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு விடுமுறையில் வந்தபோது, "சுழி ஆராய்ச்சி" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலை பெரியப்பா ஒரு கிடாரியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"நெத்தில ரெண்டு சுழி இருக்குது கண்ணு. ஊட்டுக்கு ஆவுமான்னு பாத்துச் சொல்லு."

எங்கள் பக்கம் மாடு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது மயிர்ச்சுழியைத்தான். பால் எவ்வளவு கறக்கும் என்பதெல்லாம் அப்புறம். நான் படிப்பது தண்ணீர்ச் சுழி என்று சிரித்துக்கொண்டே விளக்கினேன்.

"அதப் படிச்சு என்னத்துக்கு ஆவுது? ஆத்துல எறங்காம இருந்தாப் போச்சு" என்றார். சொன்ன பிறகுதான் யார் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. மாட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா ஆற்றோடு போனவர். எழுபதுகளில், நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஆடியில் மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்தது. படித்துறைச் சுவரோரம் எருதுகளைக் குளிப்பாட்ட இறக்கினார். எருதுகள் கரையேறின, அவர் ஏறவில்லை. பரிசல்காரர்கள் எவ்வளவோ தூரம் தேடியும் உடல் கிடைக்கவில்லை. சுவரடிச் சுழி பிடித்து வைத்துக்கொண்டது என்று ஊரே சொன்னது.

அம்மா அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். பங்காளிகள் கூடித் தாலியை எடுக்க வேண்டும் என்றபோது, "சுழி இன்னும் அவியள உடலீங்க. உட்டதுக்கப்பறம் எடுத்துக்கறனுங்க" என்றாள். அதற்குமேல் யாராலும் அவளை அசைக்க முடியவில்லை. ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் ஆற்றுக்குப் போய், எல்லாப் பெண்களையும் போலத் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். அந்தப் பெண்கள் அவளிடமிருந்து சற்றுத் தள்ளியே நிற்பார்கள். அவர்கள்மேல் எனக்கிருந்த கோபம் இன்றும் தீரவில்லை.

ஏன் இந்தத் துறைக்கு வந்தாய் என்று சென்னையில் கேட்டவர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். கணிப்பொறி ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருந்தது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு நம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். காவிரியெல்லாம் அதற்குள் அடங்காது. தீப்பெட்டி அளவுத் தண்ணீருக்கே திணறும். வெளியே வருவதும் படமல்ல, தாள் தாளாக எண்கள். ஒத்த எண்களைப் பென்சில் கோட்டால் சேர்த்தால்தான் சுழி தெரியும். சுவரைத் தொடும் தண்ணீர் நகராது. அதற்குச் சற்று மேலே சுழிகள் படுத்தபடி உருளும். சுவரடியில் மெதுவாகக் கிடக்கும் தண்ணீரை வாரி மேலே எறியும். அடுத்த சில தாள்களுக்குள் அந்தச் சுழி காணாமல் போயிருக்கும், வேறொன்று வந்திருக்கும். ஒன்றாவது நிலைக்காதா என்று வீம்பாகத் தேடினேன். எதுவும் நிலைக்கவில்லை.

அந்த விடுமுறையில் ஆடிப் பதினெட்டு வந்தது. அம்மா என்னையும் ஆற்றுக்கு அழைத்தாள். வழியில் கடையில் நின்று புதுக் கயிறு வாங்கினாள். படித்துறையில் உட்கார்ந்ததும் சுவரடியைக் காட்டினாள்.

"பெரியப்பங்கிட்டச் சொன்னயே, நீ படிக்கறது இந்தச் சுழியத்தான சாமி?"

"ஆமாம்மா."

"அது உங்கய்யன எப்ப உடும்?"

எத்தனையோ வருடமாக இதைக் கேட்க ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொன்னேன்.

"ஒரு சுழி ரொம்ப நேரம் இருக்காதும்மா. வந்ததும் கலஞ்சு போயிரும். அதே எடத்துல வேற சுழி வரும். பாக்கறவங்களுக்கு ஒண்ணாட்டத் தெரியும்."

"அப்ப அன்னிக்கிப் புடிச்ச சுழி?"

"அது அன்னிக்கே போயிருச்சும்மா. எதையும் புடிச்சு வெச்சுக்க அதனால ஆவாது."

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப நான் இத்தன வருசமா ஆருக்குக் கவுறு மாத்துனேன் சாமி?"

அவள் கழுத்திலிருந்த பழைய கயிற்றைத் தானே கழற்றி, தாலியோடு முந்தானையில் முடிந்துகொண்டாள். சுற்றிலும் பெண்கள் ஒருவருக்கொருவர் புதுக் கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. காகிதம் பிரிக்காத கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

"கடையில திருப்பிக் குடுத்துட்டு வா. பிரிக்காததுதான், வாங்கிக்குவாங்க."

கடையில் கூட்டம் நெரிந்தது. கடைக்காரர் காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"ஏனுங்க தம்பி, ஆடிப் பதினெட்டும் அதுவுமா இதப் போயித் திருப்பித் தரலாமுங்களா? அம்மாவக் கட்டிக்கச் சொல்லுங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.