முதலாளிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்

கண்டியில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடை மெனேஜர் என்னைவிட இளையவர். சேலைப் பகுதியில் நின்ற காலத்தில் படு கெட்டிக்காரர். வேண்டாம் என்று எழுந்த அம்மாவையும் திரும்ப உட்கார வைத்து இரண்டு சேலை விற்றுவிடுவார். பதவி கொடுத்த நாளிலிருந்து மனிதருக்கு உதறல் பிடித்துவிட்டது. வாசல் பொம்மைக்குச் சிவப்புச் சேலை கட்டுவதா பச்சை கட்டுவதா என்று கேட்டால்கூட ஒரே பதில்தான்: "முதலாளிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." எங்களுக்கெல்லாம் அலுத்துப் போயிற்று.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடிந்ததிலிருந்து அடைமழை. தெல்தோட்டைப் பக்கம் மண் சரியலாம், பாதையை மூடினாலும் மூடுவார்கள் என்று மத்தியானமே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். துண்டு, துவாய் விற்கும் பகுதியில் நிற்கும் பெண்பிள்ளைக்கு அந்த ஊர்தான். பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். குழந்தை போத்தல் பாலை வாயில் வைக்காது. பகலில் மாமியார் எப்படியோ கஞ்சி ஊட்டிச் சமாளித்தாலும், சாயந்தரம் தாயைக் கண்டால்தான் அடங்கும்.

"சேர், பாதையை மூடுறதுக்கு முந்தி நான் போகட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் போனில் முதலாளிக்குக் கோல் எடுத்தார். பதில் இல்லை. மறுபடி எடுத்தார். வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தார், திரும்பி வந்தார். "இவளை விட்டா மத்தவங்களும் கேப்பாங்களே அக்கா? விடாம ஏதாச்சும் ஆயிட்டா?" என்று என்னிடம் கேட்டார். கடையில் ஈ, காக்கை இல்லை.

"அனுப்புங்க சேர். துவாய்ப் பக்கத்தையும் நான் பார்த்துக்கிறேன்" என்றேன். தலையை ஆட்டினார். ஆனால் அவளிடம் போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நீ கிளம்பு" என்று நானே அவளிடம் சொன்னேன்.

"சேர் சொல்லட்டும் அக்கா. வேலை போயிட்டா என்ன செய்யிறது?" என்றாள். அவருடைய பயம் அவளுக்கும் தொற்றிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மடித்து வைத்த சேலைகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி போல முதலாளியே போனில் கூப்பிட்டார். மெனேஜர் விஷயத்தைச் சொன்னதும் அவர் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "இதையெல்லாமா என்கிட்ட கேக்குறது? மத்தியானமே அனுப்பியிருக்க வேணாமா?"

அதற்குள் பாதையை மூடிவிட்டார்கள். மாமியார் போனில் பேசும்போது பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றவளுக்குப் பால் கசிந்து சட்டை நனைந்துவிட்டது. நான் அடுக்கிலிருந்து ஒரு புதுத் துவாயை உருவி அவள் நெஞ்சில் போர்த்தி, இன்றைக்கு என் வீட்டுக்கு வா என்றேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள்.

மெனேஜர் மெல்ல என் பக்கத்தில் வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்தத் துவாய் கடைச் சரக்கு. எடுக்கச் சொன்னது யாருன்னு முதலாளி கேட்டா என்ன சொல்றது?"

"நான்தான்னு சொல்லுங்க."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.