வசந்தா டீச்சரின் வெள்ளைக் கைக்குட்டை

காலை பிரேயருக்குப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றபோது, நம் பி.டி. டீச்சர் வசந்தா இறந்துவிட்டார் என்று தலைமையாசிரியை மைக்கில் சொன்னார். அதே மைக்கில்தான் டீச்சர் நாள் தவறாமல் "லைன்ல நில்லுங்கடி" என்று அதட்டுவார். அன்று யாரும் அதட்டாமலே பிள்ளைகள் நேராக நின்றார்கள். ஆசிரியைகள் வரிசையில் நின்ற நான்தான் விலகி, படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

உடம்பு விஷயத்தில் அவர் யாரையும் விடமாட்டார் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டிய ஆசிரியைகள் எல்லாரையும் திருத்தணியிலிருந்து வேன் வைத்து, மார்பகப் பரிசோதனைக்கு அரக்கோணம் கிளப்பியவர் அவர்தான். கட்டி இருந்தால்தானே போக வேண்டும் என்றோம். "கைக்குத் தட்டுப்படறதுக்கு முன்னாடியே படத்துல தெரியும். அதுக்குத்தான் போறது" என்றார். "எங்க வீட்ல யாருக்கும் இல்லையே டீச்சர்" என்று நூர்ஜஹான் டீச்சர் இழுத்தார். "வர்றதெல்லாம் வம்சத்தைக் கேட்டுகினா வருது? வண்டியில ஏறும்மா!" அதன்பிறகு ஓய்வறையில் சட்னி புளித்துப்போனால்கூட, வம்சத்தைக் கேட்டுகினா புளிச்சுது என்று சிரிப்போம்.

கழுத்தில் எதுவும் இல்லாமல்தான் உள்ளே வர வேண்டும் என்றாள் படம் எடுக்கும் பெண். தாலியுமா என்று விழித்தோம். வசந்தா டீச்சர் தன் பெரிய வெள்ளைக் கைக்குட்டையை மடியில் விரித்து உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட குடுங்க. கீழ வைக்க மாட்டேன்." எங்கள் தாலிகளும் நூர்ஜஹான் டீச்சரின் கருகமணியும் ஒவ்வொன்றாக அந்த மடியில் காத்திருந்தன. வெளியே வந்ததும் கண்ணில் ஒற்றித் திருப்பித் தந்தார்.

கடைசியில், "நீங்க போங்க டீச்சர், கைக்குட்டைய நான் பிடிச்சிக்கிறேன்" என்றேன். அவர் கை கழுத்துக்குப் போயிற்று. "பாவாவுக்கு இப்பத்தான் நெஞ்சில ஆப்பரேஷன் ஆயிருக்கு. இந்த நேரத்துல கழட்ட மனசு வரல. ஆடிக் கிருத்திகை முடியட்டும், வர்றேன்." பாவா என்றால் அவருடைய அத்தை மகன், கணவர். நான் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். ஆடிக் கிருத்திகை வந்து போயிற்று. பாவா காவடி எடுத்து மலையேறும் அளவுக்குத் தேறினார். டீச்சர் ஏதேதோ சொல்லித் தள்ளிக்கொண்டே போனார். மறு வருஷம் கட்டி அவர் கைக்கே தட்டுப்பட்டது. அதற்குள் நோய் எலும்பு வரை பரவியிருந்தது.

சாவு வீட்டில் மஞ்சள் பூசி, மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். "குடுத்து வச்சவ, பூவும் பொட்டுமா போறா" என்று பெண்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என்ன கொடுத்து வைத்தார்? மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தியவர், கடைசியில் தண்ணீர் கேட்கவும் குரல் எழும்பாமல் கிடந்தார். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியாமல் வாசலுக்கு வந்தேன்.

அங்கே பாவா நின்றிருந்தார். "எல்லாரையும் இட்டுகினு போனவ, அவ மட்டும் ஏம்மா எடுத்துக்கல?" என்று கேட்டார். தாலியைக் கழட்ட அவருக்கு மனசு வராததைச் சொன்னேன்.

"கட்டுனவன் நான்தானேம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே கழட்டிக் கையில வச்சிகினு வெளிய உக்காந்திருப்பேனே."

இந்தப் பேச்சு அந்த ஆடிக் கிருத்திகைக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குள் நடந்திருக்கக் கூடாதா?

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அதட்டல்தான். வண்டியில ஏறும்மா. அடுத்த மாதம் மறுபடி அரக்கோணத்துக்கு வேன் சொல்லியிருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் எல்லாரும் வாருங்கள். கைக்குட்டையைக் கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாவா தரமாட்டேன் என்றுவிட்டார்.

"நானே வர்றேம்மா. வெளிய உக்காந்து நான் பிடிச்சிக்கிறேன்."