கேட்டில் காத்திருந்த சீட்டு

1997 மழைக்காலத் தொடக்கத்தில் என் மனைவி சரோஜாவின் இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழ ஆரம்பித்தது. பிழைக்கப் போய்க் குடியேறிய மராத்தி ஊரான நிக்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளியில் அவள் கணக்கு டீச்சர்.

"ஏனுங்க, இந்தச் செருப்பு காலுல நிக்கவே மாட்டேங்குது" என்றாள். வார் தளர்ந்திருக்கும் என்று வேறு செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அதுவும் விழுந்தது. தீபாவளிக்குள் சாக்பீஸும் விரல்களில் நிற்காமல் நழுவியது.

பல சோதனைகளுக்குப் பிறகு நரம்பு மருத்துவர் அவளிடமே நேராகச் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாததற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். மோட்டார் நியூரான் நோய் (தசைகளை அசைக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக இறந்துபோவது). குணப்படுத்தும் மருந்து இல்லை. கை கால்கள், பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் தெளிவாக இருக்கும் என்றார்.

"அப்படின்னா நடக்கறது எல்லாம் எனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும், மேடம்."

நான் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். பற்சக்கரங்கள் செய்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்டு மாறும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. சொந்த ஊரான கோவையிலிருந்து வந்து தங்கக்கூடிய உறவினர்களும் இல்லை. அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கவைக்கும் நேரம் வாராவாரம் மாறினால் சமாளிக்க முடியாது. ஒரே ஷிஃப்டு கேட்டுப் பணியாளர் அலுவலகத்துக்குப் போனேன்.

"வீட்டில் லேடீஸ் யாரும் இல்லையா?" என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

"இருக்கிறாள் சார். அவளுக்குத்தான் நோய்."

விதியில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார். அதன்பிறகு பொய் சொல்லத் தொடங்கினேன். ஸ்கூட்டர் பஞ்சர், வயிற்றுப்போக்கு, இல்லாத மாமாவின் சாவு. இரண்டு மெமோ வந்தது. எங்கள் மேனேஜர் ஜோஷி என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல். குடிக்கிறாயா?"

சொன்னேன். முழுவதையும் சொல்ல அரைமணி நேரம் ஆனது. அடுத்த வாரப் பட்டியலில் எனக்கு முதல் ஷிஃப்டு. அதற்கடுத்த வாரமும் அதுவே. வீட்டிலிருந்து போன் வந்தால் நேராகத் தன் மேஜைக்குத் தரச் சொல்லியிருந்தார். பதினான்கு மாதங்கள் அப்படி ஓடின. அந்தக் காலத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பேச்சு குழறத் தொடங்கியபோது டிரக்கியாஸ்டமி பற்றி (கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து மூச்சுக் கருவியோடு இணைப்பது) மருத்துவர் விளக்கினார். வேண்டாம் என்றால், அந்த நேரத்தில் உடனிருப்பவர் சொல்ல வேண்டும் என்றார். அன்று மாலை அவள் ஒவ்வொரு சொல்லாகச் சிரமப்பட்டுப் பேசினாள்.

"எனக்குக் கொழாய் கீது போடவேண்டாமுங்க. நீங்க பக்கத்துல இருந்து சொல்லோணும்."

சொல்கிறேன் என்றேன்.

ஜோஷி வேறு ஊருக்கு மாற்றலானார். புதிதாக வந்தவர் கெட்டவரல்ல. "இந்த ஏற்பாடு எங்கே எழுதியிருக்கிறது?" என்றுதான் கேட்டார். எங்கும் எழுதியிருக்கவில்லை. ஷிஃப்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. வெளியிலிருந்து வரும் போன்களைத் தொழிற்சாலை கேட்டில் இருக்கும் காவலர் சீட்டில் குறித்து, டீ நேரத்தில் கொடுப்பது வழக்கமாயிற்று.

அது என் இரண்டாவது ஷிஃப்டு (பிற்பகல் முதல் இரவு வரை) வாரம். பிற்பகலில் பக்கத்து வீட்டு சுமன் தாயி (மராத்தியில் அக்கா) சரோஜாவுக்குத் துணையிருந்தார். கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. முகம் நீலமாவதைப் பார்த்து அவர் எனக்குப் போன் செய்தார். பிறகு ஆட்டோவில் அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"வீட்டிலிருந்து போன். மனைவி சீரியஸ்." நான்கு மணிக்குக் குறித்த அந்தச் சீட்டு, ஐந்தே முக்காலுக்கு டீயோடு என் கைக்கு வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வாய்வழியே குழாய் இறக்கி, மூச்சுக் கருவியோடு இணைத்திருந்தார்கள். அவளுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தாள், பிறகு பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"உயிரைக் காப்பாற்றிவிட்டோம்" என்றார் அங்கிருந்த மருத்துவர்.

"அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்."

"அதைச் சொல்ல யாரும் இல்லையே. இனி எடுக்க எங்களால் முடியாது."

சில நாட்களில் குழாய் கழுத்துக்கு மாறியது. இப்போது விடுப்பு, கேட்காமலே கிடைத்தது. அட்டையில் எழுத்துக்களை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் கண் சிமிட்டினாள். முதல்முறை அவள் சேர்த்த வார்த்தைகள் இரண்டு: "எங்கே போனீங்க."

சீட்டைப் பற்றிச் சொன்னேன். கண்களை மூடிக்கொண்டாள். அது மன்னிப்பா, களைப்பா, தெரியாது. நாற்பத்தொரு நாள் இருந்தாள். நிமோனியா கண்டு போனாள்.

பின்னாளில் நானே மேனேஜரானேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு, ஆணோ பெண்ணோ, நிலையான ஷிஃப்டு தர வேண்டும். அவசரச் செய்தியை அந்த நிமிடமே சேர்க்க வேண்டும். இந்த இரண்டு வரிகளை விதிப்புத்தகத்தில் சேர்க்கக் கேட்டு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. என் பிரிவில் மட்டும் சீட்டு உடனே வருகிறது. நான் ஓய்வுபெற்றதும் அதுவும் நின்றுவிடும்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனிதர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் மறுப்பார்கள். இருந்தாலும் கேளுங்கள்.

அவள் கட்டிலருகே இருந்த நாட்களில் என் மூச்சு அந்தக் கருவியின் வேகத்துக்குப் பழகிவிட்டது. ஆண்டுகள் போன பின்பும் சும்மா உட்கார்ந்தால் நெஞ்சு அதே கணக்கில் ஏறி இறங்குகிறது. கவனித்து மாற்றினால் கொஞ்ச நேரம் மாறுகிறது. பிறகு தானாகவே திரும்பிவிடுகிறது. நான் விட்டுவிடுகிறேன்.