மூன்று ஃபின்களும் ஒரு டிராக்டரும்

அலைச்சறுக்குப் பலகையைச் சேற்று வயலில் விட்டுச் சோதித்துப் பார்த்த ஒரே மனிதர் என் கணவராகத்தான் இருக்க வேண்டும். மன்னார்குடியில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறார். சக்கரம் உள்ள எதையும் பழுது பார்ப்பார். சக்கரம் இல்லாததையும் விட்டுவைப்பதில்லை, அது எங்கள் தலையெழுத்து.

பலகை என் தம்பியுடையது. நாகப்பட்டினம் பக்கம் போய் அலையில் நின்று பழகியவன். யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன பழைய பலகை அது. அதன் அடியில், வால் பக்கம், மீனுக்கு இருப்பதுபோல ஒரு துடுப்பு ஒட்டியிருந்தது. ஃபின் என்பான். அது தரைதட்டி முறிந்ததும், இனி ஒட்டுகிற வேலையே வேண்டாம், கழற்றி மாட்டுவதுதான் என்று முடிவெடுத்தான். ஜன்னல் கதவு ஓடும் அலுமினியச் சட்டத்தை வெட்டிப் பலகைக்குள் பதித்தான். அதில் செருகிக் கழற்றக் கெட்டி பிளாஸ்டிக்கில் மூன்று ஃபின்கள் அறுத்தான். நடுவில் ஒன்று மட்டும் மாட்டினால் நேராகப் போகிறது, திரும்ப மறுக்கிறது. ஓரங்களில் இரண்டு மாட்டினால் துள்ளுகிறது. மூன்றும் இருந்தால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இதை, தட்டில் போட்ட சோற்றை மறந்து, கையை ஆட்டி ஆட்டி எனக்கு விளக்கினான். டிப்ளமோ முடித்து வேலையில்லாமல் கிடந்தவன். கடலோர விடுதி ஒன்றில் அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். சொந்தப் பலகையோடு வந்து ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

என் கணவருக்குப் பொறுக்குமா?

"மொதல்ல நம்ம வயல்ல பாத்துருவோம் மாப்ள" என்றார்.

நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்த, டிராக்டருக்குப் பின்னால் பரம்புப் பலகையைக் கட்டி அதன்மேல் ஆள் நின்று போவது எங்கள் பக்கத்து வழக்கம். அதே மாதிரி இதையும் கயிற்றில் கட்டித் தொப்பையோடு ஏறி நின்றார். மூன்று ஃபின்களும் இருந்தபோது அறுவடையில் மிஞ்சிய தாளையும் சேற்றையும் வாரிக்கொண்டு பலகை நகர மறுத்தது. எல்லாவற்றையும் கழற்றியதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. வரப்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

"ஃபின்னெல்லாம் கம்பெனிக்காரன் ஏமாத்து வேல. எப்புடி நேரா போச்சு பாத்தியா?"

"நேரா இழுத்தது கயிறுங்க. கடல்ல யாரு டிராக்டர் ஓட்டுவா?" என்றேன்.

"ஒனக்கு என்ன தெரியும், போ."

அப்பா போனபின் தம்பியைப் படிக்க வைத்தவர் அவர். அதனால் அவர் எதிரில் அவன் வாய் திறக்க மாட்டான். என்னிடம் மட்டும் மெதுவாக, "ஃபின்ன நீ பையில வச்சுக்கக்கா, அங்க போய் மாட்டிக்கிறேன்" என்றான். வைத்துக்கொண்டேன்.

விடுதியில் ஓட்டிக் காட்ட மூவருமாகப் போன அன்று, கடற்கரையில் பலகையைக் குப்புறப் போட்டவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் பதித்த சட்டங்களில் ஏதோ பசையை அடைத்து, அது கல்லாக இறுகி, மேலே பெயின்ட் வேறு அடித்திருந்தது.

"ஓட்ட இருந்தா தண்ணி ஏறும்ல? அதான் நானே அடச்சுட்டேன்" என்றார் என் கணவர். பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

என் கையில் ஃபின்கள். விடுதிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கடலில் இறங்கினான். அவன் எழுந்து நிற்கும்போதெல்லாம் பலகை குறுக்கே சுழன்று அவனைக் கவிழ்த்தது. விடுதிக்காரர் மரியாதையாக, "பழகிட்டு வாங்க தம்பி" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

"இந்தக் கடலு சரியில்ல" என்றார் என் கணவர்.

"வாய மூடுங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்ல நினைத்தது. ஆனால் அதைச் சொல்லியும் ஆத்திரம் தீரவில்லை.

அந்தப் பலகை இப்போது எங்கள் வயலில் பரம்படிக்கிறது. தனக்கென்றே கடல்கடந்து வந்ததுபோல அதன்மேல் நிற்கிறார் என் கணவர். தம்பி பேராவூரணியில் தேங்காய் மண்டியில் இருக்கிறான். நடவுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறான். மூன்று ஃபின்களும் என் கைப்பையிலேயே கிடக்கின்றன. அவன் திருப்பிக் கேட்கவே இல்லை.