அக்கா கிளப்பிய டிராக்டர்

மாமா கத்தாருக்கு வேலைக்குப் போன பிறகு அவருடைய டிராக்டரை அக்காதான் ஓட்டினாள். பெரம்பலூர் பக்கம் அவர்களுக்குக் கரிசல் காடு. சின்ன வெங்காயம் பிடுங்கும் சமயத்தில் ஒருமுறை நான் போயிருந்தேன். காயவைத்த வெங்காயத்தை மூட்டை கட்டி டிரெய்லரில் ஏற்றி முடித்தபோது மேற்கே வானம் கறுத்துவிட்டது. அக்கா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, “என் வண்டிய கொண்டாந்து இழுத்து வுடட்டுமாம்மா?” என்றார்.

“வேணாண்ணே. செல்ஃப் நல்லாத்தான் சுத்துது. டீசல்தான் போவல.”

முந்தின நாள் காட்டில் நிறுத்தும்போதே டேங்க் வறண்டுவிட, கேனில் டீசல் வாங்கி ஊற்றியிருந்தாள். குழாயில் காற்று புகுந்திருக்கும் என்றாள். மாமா ரிப்பேர் பார்க்கும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள், அப்போது பார்த்துவைத்ததுதான். சேலையைத் தூக்கிச் செருகி, ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினாள். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. காற்று தீர்ந்தால் நுரை நிற்க வேண்டும். நிற்கவேயில்லை.

“மழை வந்துரும்க்கா. அவரையே இழுக்கச் சொல்லேன்” என்றேன்.

“இருடி. காத்து வெளிய போவப் போவ உள்ள வந்துக்கிட்டே இருக்கு. எங்கயோ ஓட்ட இருக்கு.”

டேங்கிலிருந்து வரும் ரப்பர் டியூபை விரலால் தடவிக்கொண்டே போனாள். முனையில் விரல் நின்றது. வளைத்துக் காட்டினாள், மெல்லிய வெடிப்பு. எனக்கானால் அது கண்ணில் பட்டிருக்காது. டேங்க் டேப்பை மூடி, டியூபைக் கழற்றி, வெடித்த முனையை மட்டும் அரிவாளால் நறுக்கி, மிச்சத்தை இழுத்து மாட்டி கிளிப்பை முறுக்கினாள். டேப்பைத் திறந்து மறுபடி பம்ப் அடித்தாள். நுரை குறைந்து, தெளிந்த டீசல் வந்தது. திருகை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

முதல் சுற்றில் இருமிவிட்டு நின்றது. அடுத்ததில் புகையைக் கக்கிப் பிடித்துக்கொண்டது. காட்டுக்காரர், “அடேயப்பா!” என்று வாய்விட்டுச் சிரித்தார். நான் மட்கார்டில் தொற்றிக்கொண்டேன். பயமும் பெருமையுமாக இருந்தது.

கடைசி மூட்டையைக் கொட்டகைக்குள் இறக்கியபோது மழை பிடித்தது.

சாயங்காலம் மாமா ஃபோன் செய்தார். “வெங்காயம் நனையல, கொண்டாந்துட்டோம்” என்று மட்டும் அக்கா சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஃபோனைப் பிடுங்கி ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அருவாள்லயா அறுத்தா?” என்று மாமா சிரித்தார். “புது டியூப் வாங்கி மாட்டச் சொல்லு.”

சொன்னேன். அக்கா கையை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள்.