அம்மை வீட்டில் சொல்லக் கூடாதது

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அம்மை போட்டிருக்கிறது. சின்ன வயதில், தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதத்தில் வந்தபோது என்னை மட்டும் விட்டுவிட்டுப் போன மாரியம்மா, இப்போதுதான் ஞாபகம் வந்து தேடி வந்திருக்கிறாள்.

வாசலில் வேப்பிலைக் கொத்து. நம்ம மலைக் குளிரில் வேப்பமரம் ஏது? மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்தது. என்னைவிட அதுதான் வாடிப்போயிருக்கிறது.

இன்று காலை மகள் மட்டக்களப்பு கெம்பஸுக்குப் படிக்கப் புறப்பட்டாள். முதல் தடவையாக வீட்டைவிட்டுப் போகிறாள். கூடப் போய்ச் சேர்த்துவிட வேண்டிய ஆள் நான். எனக்குப் பதிலாக மச்சான் போகிறார்.

முகம் முழுக்க வெள்ளை மருந்தைப் பூசிக்கொண்டு ஜன்னலுக்குள்ளே நின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பத்து நாளாகத் தின்ற அரிப்புக்கூட நின்றுவிட்டது.

"அப்பா, போயி..." என்று மகள் தொடங்கினாள். மனைவி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"அம்மை வீட்டுல சொல்லிக்கிட்டு கெளம்பக் கூடாதுடி! மாரியம்மாவும் ஒன்கூடவே பஸ் ஏறிரும். பேசாம போ!"

மகள் பேசாமல் படியிறங்கினாள். மஸ்கெலியா ரோட்டு வளைவில் பஸ் மறைந்த பிறகும் அங்கேயே நின்றேன்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து மகளின் போன் வந்தது.

"அப்பா, போயிட்டு வாரேன். சொறியாதீங்க."

"சரிம்மா."

போனை வைத்த பிறகுதான் கன்னத்து மருந்து கரைந்து சட்டையில் சொட்டுவதைப் பார்த்தேன்.

மகள் போனில் சொல்லிக்கொண்டதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. மாரியம்மா போன் வழியாகவும் போவாளா? விஷயம் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள்.