வீட்டில் கூப்பிடாத பேர்

எனக்குத் தாத்தா பேரைத்தான் வைத்தார்கள். அப்பாவைப் பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம் ஊரிலேயே இருந்தவர். வைத்ததோடு சரி. தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அந்தப் பேரை ஒருத்தரும் வாயால் சொன்னதில்லை. மாமனார் பேரை மருமகள் சொல்லலாமா? அம்மாவுக்கு நான் 'பெரியவன்'. பெற்றவர் பேரைச் சொல்லி அதட்ட அப்பாவுக்கும் நாக்கு வராது, 'ஏலே'யோடு முடித்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் நம்பர்தான். சந்துப் பையன்களுக்கு நான் 'காலியா', கறுப்பனுக்கு இந்தியில் அப்படி. பேர் இருந்தும் இல்லாத பிழைப்பு.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் தாத்தா எங்களோடு இருக்க வந்தார். தாதர் ஸ்டேஷனில் இறங்கினதும் இறங்காததுமாய், அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததேயில்லை. ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன்.

அப்புறம் நாள் பூராவும் அதே பேச்சுத்தான். நான் குழாயடியில் நின்றால் சந்து முனையிலிருந்து கூப்பிடுவார். காது கேட்காத மாதிரி நிற்பேன், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. வைவதும் பேர் சொல்லித்தான். வைதுவிட்டு, "என்னைய நானே வஞ்சுக்கிடுதேன் பாரு" என்று அவரே சிரிப்பார். இந்த வயதிலும் பின்னாலிருந்து யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.

மழை பிடித்ததும் அவருக்கு இருமல் கண்டது. ஊருக்கே போய்விடுகிறேன் என்றார். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டே போனார். வீடு ஊமையாகிவிட்டது. தாங்கமாட்டாமல், ஒரே ஒரு தடவை கூப்பிடச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சினேன். அவள் என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாளே தவிர, கூப்பிடவில்லை. அடுத்த கோடைக்குத் தாத்தாவிடம் கூட்டிப்போவதாக அப்பா சொன்னார். அதை நம்பிக்கொண்டு கிடந்தேன்.

கோடைக்கு முன்னாலேயே தாத்தா போய்விட்டதாகத் தந்தி வந்தது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, அந்தப் பேரைச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "என்னப்பா?" என்று ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். அவர் கூப்பிட்டது என்னையில்லை.